புட்டிக்குள் பூத்த மூங்கில்

ஜனவரி 2, வெள்ளி

புது வருடம் பிறந்து இரண்டு நாளாகவில்லை, எங்கள் ஆராய்ச்சி மையத்து வளர்ப்பறையில் ஏ.சி. படுத்துவிட்டது. மெக்கானிக் காலையிலிருந்து "இதோ வந்துட்டேன் மேடம்" என்று போனிலேயே வந்துகொண்டிருந்தான். நானும் செலினும் மின்விசிறிகளைத் தூக்கிக்கொண்டு அலமாரி அலமாரியாக ஓடினோம். செலின் என் உதவியாளர், மார்த்தாண்டத்துக்காரி. பூமி பிளந்தாலும் "சரியாயிரும் அக்கா" என்பாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஒருவழியாகச் சாயங்காலம் வந்து சேர்ந்தவன், புட்டிகளைப் பார்த்துவிட்டு, "என்ன மேடம், இத்தனை கரண்ட்டு செலவு பண்ணிப் புல்லு வளக்கறீங்களா?" என்றான். பயல் தெரியாமல் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னான். மூங்கில் புல் சாதிதான். காட்டிலே நல்ல புதராகப் பார்த்துக் கணுவை வெட்டி வந்து, கழுவிச் சுத்தம் செய்து, சர்க்கரையும் உப்பும் ஹார்மோனும் கலந்த கூழில் வைப்போம், ஒன்று பத்தாகும், பத்து நூறாகும், அதை விவசாயிகளுக்குக் கொடுப்போம் என்றேன். "எல்லாம் ஒரே மரத்துலருந்துங்களா?" என்று கேட்டான். எல்லாம் ஒரே தாய்ப் புதரிலிருந்து என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

ஏ.சி. ஓடுகிறது. என் முதுகுதான் படுத்துவிட்டது.

ஜனவரி 6, செவ்வாய்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

காலையில் புட்டி மாற்றிக்கொண்டிருந்தபோது செலின், "அக்கா! அக்கா, இங்க ஓடி வாங்க!" என்று கத்தினாள். புட்டி உடைந்து கையைக் கிழித்துக்கொண்டாளோ என்று பதறி ஓடினேன். ஒரு புட்டியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே விரல் நீளம்கூட இல்லாத குருத்து. அதன் நுனியில் நெல் பூப்பது போலப் பூ. மஞ்சளாகக் குட்டிக் குட்டிப் பைகள் நூலில் தொங்குகின்றன. லென்ஸை வைத்துப் பார்த்தேன். செலினைப் பார்க்கச் சொன்னேன். மறுபடி நான் பார்த்தேன். பூதான். சந்தேகமே இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பால்பல் முளைக்காத குழந்தைக்குத் தலை நரைத்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி. மூங்கில் தன் ஆயுளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். அதற்கு ஒரு மனுஷ ஆயுள்கூட ஆகும். இது புட்டிக்குள்ளே, கூழைத் தின்றுகொண்டு, பூத்து நிற்கிறது.

இயக்குநர் டாக்டர் வரதராஜுலு செருப்பைக்கூடக் கழற்றாமல் வளர்ப்பறைக்குள் வந்துவிட்டார். வேறு யாராவது அப்படி வந்திருந்தால் உரித்துத் தொங்கவிட்டிருப்பேன். "மகுடேஸ்வரி, நீங்க என்ன பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியல! காட்டுல போய்க் காத்துக்கிடக்க வேண்டாம். நெனச்சப்ப பூக்க வெச்சு, நெனச்ச ரகத்தோட சேத்து விதை எடுக்கலாம். கட்டுரைல உங்க பேருதான் மொத பேரு" என்றார். சாயங்காலம் மைசூர்பாகு வந்தது. பதினேழு வருடத்தில் எனக்காக இந்தக் கட்டிடத்துக்குள் இனிப்பு வந்தது இதுதான் முதல் தடவை. நான்கு துண்டு தின்றேன். சர்க்கரையாவது மண்ணாவது.

ஜனவரி 9, வெள்ளி

இரண்டாவது அலமாரியிலும் பூ. அந்தப் புட்டிகளில் ஹார்மோன் அளவே வேறு. எதனால் பூக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி கட்டுரைக்கு முன்னுரை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே செலின் கேட்டாள்: "பூத்தா மூங்கில் செத்துப் போவும்னு எங்க ஊர்ல சொல்லுவாவ. நம்ம கொடுத்த கண்ணுங்களுக்கு ஒண்ணும் ஆவாதுல்லக்கா?"

புட்டி வேறு, தோட்டம் வேறு என்றேன். புட்டிக்குள் அழுத்தம், புட்டிக்குள் ஹார்மோன். வெளியே மண்ணில் நிற்பது நன்றாக நாலு வருடம் வளர்ந்த செடி. என்னத்தையாவது உளறாதே என்று கொஞ்சம் சுள்ளென்றே சொல்லிவிட்டேன். பாவம், மிச்சத்தைப் பேசாமல் சாப்பிட்டாள். மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்திருந்தாள், எனக்கும் வைத்தாள்.

ஜனவரி 10, சனி

கேஸ் தீர்ந்துவிட்டது. தூக்கமும் சரியில்லை.

ஜனவரி 17, சனி

பொங்கலுக்குத் தம்பி வீட்டில் மூன்று நாள். ஆனைமலை ரோட்டிலிருந்து உள்ளே போகும் எங்கள் தோட்டத்தில் இப்போது தென்னை ஒன்றுகூடக் கிடையாது. வாடல் நோய் வந்து மட்டை மட்டையாகத் தொங்கியபோது தம்பி சென்னியப்பன் என்னிடம்தான் கேட்டான், என்னக்கா வெக்கறது என்று. நான்தான் எங்கள் மூங்கிலை வை என்றேன். மில் வேலையையும் விட்டுவிட்டு ஒரே மூச்சாக மூன்று ஏக்கருக்கும் வைத்தான். ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். "சிரிக்கட்டும், என்ற அக்கா படிச்சவ" என்றானாம். இதை அவன் பெண்டாட்டி கோகிலா என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

இன்றைக்குப் பூப்பறிக்கிற நோம்பி. தம்பி மகள் மிருணாளினியும் அவள் கூட்டாளிகளும் கும்மியடித்துக்கொண்டு ஆவாரம்பூ பறிக்கப் போய்விட்டார்கள். நானும் சென்னியும் தோப்பைச் சுற்றினோம். கழி நன்றாகப் பருத்திருக்கிறது. ஆனால் இலை ரொம்பக் கொட்டியிருந்தது. காலடியில் மெத்தை மாதிரி. "பனிக்குக் கொட்டுதாட்ட இருக்குதுக்கா" என்றான். தண்ணீர் பற்றவில்லை, இன்னும் நன்றாக விடு என்றேன்.

காங்கயத்து ஏணி வியாபாரி ஒருத்தர் மத்தியானம் வந்தார். வெள்ளை வேட்டி, காதில் பென்சில். கழியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பச்சையாக இருக்கும்போதே மொத்தமாக வெட்டிக்கொள்கிறேன், விலை சொல்லுங்கள் என்றார். சென்னி என்னைப் பார்த்தான். "நீ சொல்லுக்கா. குடுத்தரலாமா, இருக்கட்டுமா?"

"இன்னும் ஒரு வருஷம் விடுடா. இன்னும் முத்தும், இன்னும் நல்ல விலை போகும்" என்றேன்.

வியாபாரி போய்விட்டார். கோகிலா கச்சாயம் சுட்டிருந்தாள், எண்ணெய் குடிக்காமல் நன்றாக வந்திருந்தது. நாளைக்குக் காலை வண்டி.

ஜனவரி 20, செவ்வாய்

தாய்ப் புதரைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், கட்டுரைக்குப் படம் வேண்டும் என்று இயக்குநரிடம் அனுமதி கேட்டேன். படத்துக்காகத்தான் போகிறேன்.

ஜனவரி 24, சனி

ஐயோ.

ஜனவரி 25, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்றைக்காவது எழுதிவிட வேண்டும்.

தாளவாடி மலையில் அந்தப் புதர் இருக்கும் சரிவுக்கு ஜீப் போகாது. வனக்காவலர் முன்னால் நடக்க, நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். ஒரு திருப்பம் தாண்டியதும் நின்றுவிட்டேன். பச்சையே இல்லை. போன தடவை இருட்டாகத் தெரிந்த சரிவு முழுக்க வைக்கோல் நிறத்தில் நிற்கிறது. ஒரு புதர் இல்லை, இரண்டு புதர் இல்லை, கண்ணுக்கு எட்டிய வரைக்கும். இலையே கிடையாது. கழிக்குக் கழி, கணுவுக்குக் கணு, கொத்துக் கொத்தாகப் பூ. காற்றடித்தபோது சடசடவென்று சத்தம். அங்கேயே பாறைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"கார்த்திகையிலேயே ஆரம்பிச்சிருச்சுங்கம்மா" என்றார் வனக்காவலர். "அல்லாம் காஞ்சு போகும். மழைக்கு அப்புறம் வெதை முளைச்சுத்தான் திரும்ப வரும்."

எங்கள் தாய்ப் புதரும் அப்படியே நின்றது. நெற்றியில் நாங்கள் அடித்த எண் தகடு மட்டும் பளபளவென்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்க வந்தபோது இந்தச் சரிவிலேயே கழி பருத்தது, உயரமானது, ஒரு நோயும் இல்லாதது என்று குழுவே கூடி நின்று கைதட்டியது. ஏன் பருத்திருந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வயசானதால் பருத்திருந்தது. இருந்ததிலேயே நல்லது எது என்று தேடித் தேடி, சாகப்போகிறதைப் போய் எடுத்திருக்கிறோம்.

புட்டிக்குள் போட்டால் வயசு கழன்றுவிடும் என்று நினைத்தோம். விரல் நீளம் இருந்தால் அது குழந்தை என்று நினைத்தோம். எத்தனை தடவை கூழ் மாற்றினாலும் அந்தச் செல்லுக்குத் தன் வயசு தெரிந்திருக்கிறது. நாங்கள் கன்று கொடுக்கவில்லை. ஒரு கிழவனை நறுக்கி நறுக்கி ஊரெல்லாம் கொடுத்திருக்கிறோம். நாலு வருடச் செடியாம், நாலு வருடம்!

சென்னி தோப்பில் கொட்டிக் கிடந்த இலை. அதை மிதித்துக்கொண்டு நின்றுதானே தண்ணீர் விடச் சொன்னேன்.

ஜனவரி 27, செவ்வாய்

இயக்குநரிடம் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார்.

"தாய்ப் புதர் பூத்தா தோட்டத்துல நிக்கறதும் பூக்கணும்னு என்ன கட்டாயம்? மண்ணு வேற, தண்ணி வேற."

"புட்டிலயே பூத்திருக்குங்களே சார். விவசாயிங்களுக்குச் சொல்லிட்டா பச்சையா இருக்கறப்பவே வெட்டி வித்துருவாங்க. பூத்து முடிஞ்சா கழி நொறுங்கிப் போகும், வெறகுக்குக்கூட அடிமாட்டு விலைதான்."

"சொல்லலாம். சொல்ல வேண்டாம்னு நான் சொல்லல. பிப்ரவரி இருபத்தெட்டு அறிவியல் தினத்துல அமைச்சர் முன்னாடி இந்தப் புட்டிய வெச்சுக் காட்டப்போறோம். அதுக்கு முன்னாடி நாமளே நம்ம கண்ணு எல்லாம் சாகப்போகுதுன்னு தம்பட்டம் அடிக்கணுமா? ஒரு மாசம். உங்க பதவி உயர்வுக் கோப்பும் என் மேசைலதான் இருக்கு, மகுடேஸ்வரி. நான் மிரட்டறதுக்குச் சொல்லல."

மிரட்டவில்லைதான். அதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துதான் இருந்தது. நானும் சரிங்க சார் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு மாதம்தானே. தோட்டத்துச் செடி பூக்காமலும் போகலாம். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

ஜனவரி 31, சனி

விழாவுக்கு வைக்கப் புட்டிகளைத் தேர்ந்தெடுத்தோம். பூ அதிகமாக உள்ளதாகப் பார்த்து. செலின் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. "சரியாயிரும் அக்கா" என்பதை நிறுத்திவிட்டாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

கரண்ட் பில் கட்டினேன். தலைக்குச் சாயம் அடித்தேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையில் சென்னி போன் செய்தான். குரலிலேயே சிரிப்பு.

"அக்கா! என்ற மூங்கலு பூத்திருக்குதுக்கா! வடக்கோரமா நாலு பொதரு, நெல்லாட்டம் தொங்குது. நீ ஒருநாளும் சொல்லவே இல்லையே, பூக்கும்னு. பூ வந்தா காயி வருமா? அதுக்கும் வெலை உண்டா?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன்டா. ஒண்ணும் பண்ணாத. நான் வந்து பாக்கறேன்."

"ஒண்ணும் பண்ணாம எப்பிடி? பூக்கற நேரத்துல நல்லாப் போட்டாத்தான பிடிக்கும்? கடலப் புண்ணாக்கு எறக்கச் சொல்லியிருக்கறன். கோகிலா ஒரு கொத்து ஒடிச்சுக் கொண்டுபோய் வாசல் நெலவுல சொருகியிருக்கறா. பக்கத்துத் தோட்டத்துக்காரங்கெல்லாம் வந்து பாத்துட்டுப் போறாங்க. நம்மளப் பாத்துச் சிரிச்சவனுக, இப்ப உங்கக்காகிட்டச் சொல்லி எங்களுக்கும் கண்ணு வாங்கிக் குடுன்னு நிக்கறானுக!"

சிரித்தேன். போனில் நான் சிரித்தேன். புண்ணாக்குப் போடாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன், ஏன் என்று கேட்பானே. அடுத்த வாரம் வருகிறேன் என்றேன்.

பிப்ரவரி 9, திங்கள்

இயக்குநரிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியும். நான் என்ன சொல்வேன் என்றும் தெரியும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அடுத்த வாரம் என்று சொன்ன அடுத்த வாரம் இதுதான். போகவில்லை. விழாவுக்குச் சுவரொட்டி தயாரிக்க வேண்டியிருந்தது. 'மூங்கில் ஆராய்ச்சியில் புதிய மைல்கல்' என்று என் பெயரோடு அடித்திருக்கிறார்கள். பெயரில் ஒரு எழுத்துத் தப்பு, திருத்தக் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

கோகிலா போன் செய்தாள். "அண்ணி, உங்க தம்பிகிட்டச் சொல்லாதீங்க, நான் கூப்பிட்டேன்னு. தோப்புல பாதிக்கு மேல எலையே இல்லீங்க. மஞ்சளாப் போச்சு. அவரு ராவும் பகலும் தண்ணி கட்டிட்டே இருக்கறாரு. அக்கா வர்றேன்னு சொல்லியிருக்கறா, அவ வந்தாச் சரியாப்போகும்ங்கறாரு. நீங்க எப்பங்க அண்ணி வர்றீங்க?"

போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நான் மட்டும் இருக்கிற வீட்டில் யாருக்காகக் குழாயைத் திறந்தேன் என்று தெரியவில்லை. போதும். அமைச்சராவது, பதவி உயர்வாவது. நாளைக்குக் காலை முதல் பஸ்.

பிப்ரவரி 21, சனி

சென்னி வீடு. இங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

தோப்புக்குள் போனேன். மலைச் சரிவில் பார்த்த அதே நிறம். அங்கே பார்த்தபோது அதிர்ச்சி, இங்கே பார்த்தபோது அவமானம். புதருக்குப் புதர் புண்ணாக்குக் குவித்து, பாத்தி கட்டித் தண்ணீர் தளும்பத் தளும்ப நிற்கிறது. சென்னி மண்வெட்டியோடு ஓடி வந்தான். ஆள் பாதியாகிப்போயிருந்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். தாய்ப் புதர், மலை, புட்டி, எல்லாம். இனித் தண்ணீர் விட்டுப் புண்ணியமில்லை, நோயில்லை, மருந்துமில்லை, பூத்தால் சாவதுதான் இதன் இயல்பு, அது எங்களுக்குத் தெரியும், இது இத்தனை வயசு என்பதுதான் தெரியாமல் போய்விட்டது என்றேன். மண்வெட்டியைச் சேற்றில் ஊன்றிக்கொண்டு கேட்டான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மூணு ஏக்கரும்மாக்கா?"

"மூணு ஏக்கரும்தான்டா."

வாய்க்கால் மடையை மண் தள்ளி அடைத்தான். பிறகு கேட்டான்: "உனக்கு இது எப்பக்கா தெரியும்?"

"நேத்துத்தான். நேத்துத்தான் ரிசல்ட் வந்துச்சு" என்றேன்.

அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கக்கூட இல்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

சென்னி என் தோளைத் தொட்டான். "நேத்துத் தெரிஞ்சு இன்னிக்கே வெள்ளென பஸ் ஏறி ஓடி வந்திருக்கறயே. நீ என்ன பண்ணுவ பாவம். வா, வந்து சாப்புடு." வீட்டுப் பக்கம் திரும்பி, "கோகிலா, அக்காளுக்குத் தோசை ஊத்து, பசியோட வந்திருக்கறா" என்று குரல் கொடுத்தான்.

தின்றேன். மூன்று தோசை.

பிப்ரவரி 22, ஞாயிறு

காங்கயத்து வியாபாரியைச் சென்னி காலையிலேயே வரச் சொல்லியிருந்தான். அவர் ஒரு கழியை வெட்டச் சொல்லி, முழங்காலில் வைத்து அமுக்கினார். படக்கென்று ஒடிந்தது. "பொங்கலுக்குக் கேட்டனே மாப்ள. இனி இது அடுப்புக்குத்தான்" என்றார். தெற்கோரம் கொஞ்சம் பச்சை இருக்கிறது, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

கன்று வாங்கிய மற்றவர்களுக்கு இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று சென்னியிடம் சொன்னேன். இயக்குநருக்கு ஒரு வரி செய்தி அனுப்பிவிட்டேன், பதில் வரவில்லை. சென்னியே என் போனில் நம்பரைத் தேடி அழுத்தித் தந்தான். ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தான்.

முதலில் வேட்டைக்காரன்புதூர் திருமூர்த்தி. நல்ல மனுஷர், ஒவ்வொரு ஆடிக்கும் மையத்துக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவார். நடந்ததைச் சொன்னேன். எதிர்முனையில் யாரையோ கூப்பிட்டு ஏதோ கேட்டார். பிறகு, "எனக்கு இன்னும் பூக்கலீங்களே மேடம். எலைதான் கொட்டுதுங்க" என்றார்.

"அப்படின்னா இன்னிக்கே வெட்டிருங்க. யாரு என்ன வெலை சொன்னாலும் குடுத்துருங்க."

"சரிங்க." போனை வைக்கவில்லை. "உங்ககிட்ட அந்தப் புட்டிக்குள்ள மொதல்ல எப்பங்க பூத்துச்சு?"

சென்னி அடுத்த நம்பரைத் தேடிக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கக்கூட இல்லை. இன்னொரு 'நேத்து' சொல்லிவிட்டால் அவனும் கேட்டுக்கொள்வான், இவரும் கேட்டுக்கொள்வார். நாக்கு அதற்குத் தயாராகவே இருந்தது.

"ஜனவரி ஆறாந்தேதிங்க" என்றேன்.

"பொங்கலுக்கு முன்னாடியேங்களா?" என்றார் திருமூர்த்தி. கோபமாகக் கேட்கவில்லை. சரிபார்த்துக்கொள்கிற மாதிரிதான் கேட்டார்.

"ஆமாங்க. பொங்கலுக்கு முன்னாடியே."

சென்னியின் விரல் போன்மேல் அப்படியே நின்றது. சமையலறையில் கோகிலா பாத்திரம் கழுவும் சத்தம்கூட நின்றுவிட்டது. திருமூர்த்தி, வைக்கிறேனுங்க, ஆள் கூப்பிட வேண்டும் என்று வைத்துவிட்டார். நான் சென்னியின் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது சொல்வான், எழுந்து போவான், போனைத் தூக்கி எறிவான் என்று காத்திருந்தேன்.

அவன் அடுத்த நம்பரை அழுத்தினான். மணி அடித்துக்கொண்டிருக்கும்போது போனை என் பக்கம் நகர்த்தினான்.

"இவருகிட்டத் தேதிய மொதல்ல சொல்லிப்போடு" என்றான். "அவரு கேக்கற வரைக்கும் வெச்சிருக்காத."